குடிக்கக் கூடாத கோப்பை

அத்தியாயம் 14

புதன்கிழமை இரவு காணாமல் போன மாத்திரை அட்டை, வெள்ளிக்கிழமை காலையில் ஃப்ரீஸரில் இருந்தது.

கண்டுபிடித்தவள் பத்தூல். காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி எடுக்கப் போனவள், உறைந்து கிடந்த முலூக்கியாக் கீரைப் பொட்டலங்களுக்கு நடுவே கையை விட்டாள். ஏதோ சரசரத்தது. இழுத்துப் பார்த்தாள். ஒட்டியிருந்த பனியைத் துடைத்துவிட்டு நேராக அண்ணன் அறைக்குப் போனாள்.

ராக்கான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலது காலை ஆட்டிக்கொண்டிருந்தான். விடியற்காலையிலிருந்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தா. சில்லுனு இருக்கு, பல் கூசும்."

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யம்மாவா?"

"பின்னே, கீரையா எழுந்து நடந்து வந்து எடுத்துட்டுப் போச்சு?"

புதுச் சீட்டு இல்லாமல் எந்த மருந்துக் கடையிலும் அந்த மாத்திரையைத் தரமாட்டார்கள். டாக்டர் இனி சனிக்கிழமைதான் வருவார். இரண்டு வேளை போயிருந்தது. தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் சின்னச் சின்னதாக மின்சாரம் அடித்தது. அதோடுதான் இன்றைய நாளைக் கடக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் அவனுக்காக ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாகக் கிளம்பி லுஜைன் வீட்டாரிடம் பெண் கேட்கப் போகிறார்கள். அந்த ஜாஹாவுக்குத் தலைமை ஹாயில் பாஷா. படையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து பெண் கேட்டால் இல்லையென்று சொல்ல, அம்மானின் அந்த மலைக் குடியிருப்பில் ஆளில்லை.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து மாத்திரையை விழுங்கினான். பாட்டில் எப்போதும் அவன் கையிலேயே இருக்கும். அந்த மாத்திரை வாயைக் காய வைத்துவிடும்.

"ஒட்டகம் பொறந்த நாட்டுல தண்ணி இல்லாம நகராத ஒருத்தன்," என்றாள் பத்தூல். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "லுஜைன்கிட்ட சொல்லிட்டியா?"

அவன் கால் இன்னும் வேகமாக ஆடியது.

"அண்ணா. அவங்க சம்மதிச்சு, அந்தச் சம்மதக் காப்பி பாஷா தொண்டையில இறங்கறதுக்குள்ள சொல்லிடு. அதுக்கப்புறம் சொன்னா அது பேச்சு இல்லை, பஞ்சாயத்து."

சொல்ல வேண்டியது இதுதான்: ராக்கான் துபாய்க்குப் போனதே இல்லை.

பொறியியல் மூன்றாம் ஆண்டில் ஒரு காலையில் அவனால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. பிறகு மாதங்கள். பள்ளிவாசல் வாசலில் யாரோ கேட்டார், "பையன் கண்ணுல படறதே இல்லையே, எங்கே?" என்று. அப்பா ஃபவாஸ், படையில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பதில் சொல்லத் தயங்கிப் பழகாதவர். "துபாயில வேலை" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பொய்க்குச் சோறு போடும் வேலை வீட்டிலுள்ள எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. அம்மா இன்ஆம், துபாய் முத்திரை போட்ட பேரீச்சம்பழப் பெட்டிகளைத் தேடி வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். "என் பையன் அனுப்பினான்."

ராக்கானுக்குக் கிடைத்தது மூடிய ஜன்னல். கேஸ் வண்டி பாட்டு போட்டுக்கொண்டு தெருவில் ஏறி வரும்போது எழுந்துபோய் எட்டிப் பார்க்கலாம் என்று சில நாள் தோன்றும். எழுந்திருக்கத் தோன்றியதே பெரிய விஷயம். ஆனால் துபாயில் இருப்பவன் அம்மான் ஜன்னலில் நிற்க முடியாது. திரும்பப் படுத்துவிடுவான்.

பிறகு ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டர், இந்த மாத்திரை, 'துபாயிலிருந்து திரும்பிட்டான்' என்று ஊருக்கு ஒரு சேதி, ஒரு செல்போன் நிறுவனத்தின் குறை கேட்கும் பிரிவில் வேலை. அங்கே இரண்டு நாற்காலி தள்ளி லுஜைன். "துபாய் எப்படி இருந்துச்சு?" என்று அவள் முதல் வாரம் கேட்டாள். "வெயில்," என்றான். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டியிருந்தான்.

*

சமையலறையில் இன்ஆம் அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகன் கையில் அட்டையைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உன் நல்லதுக்குத்தான் எடுத்து வச்சேன்."

"தலைக்குள்ள ஷாக் அடிக்குது யம்மா."

"அதைத் தின்னா முகம் உப்பிப் போகுது. கண்ணு பாதி மூடியிருக்கு. இன்னிக்கு எண்பது பேர் உன் முகத்தைத்தான் பார்ப்பாங்க. ரெண்டு நாள் விட்டா உயிரா போயிடும்?"

எதைச் சொன்னாலும் அவள் அழுவாள்.

"லுஜைன்கிட்ட நான் சொல்லணும்."

இன்ஆம் சட்டென்று கதவுப் பக்கம் பார்த்தாள். அப்பா குளியலறையில் இருந்தார். "சொல்லு. நல்லா சொல்லு. இன்னிக்கு அவளுக்குத் தெரியும், நாளைக்கு அவ அம்மாவுக்கு, நாளன்னிக்கு மலை பூராவும். 'அந்த வீட்டுல புத்தி சரியில்லாத பையன் இருக்கான்'னு ஆனப்புறம் உன் தங்கச்சிக்கு யார் வருவா?"

"என்னை இதுல இழுக்காதீங்க," என்று தட்டைக் கழுவிக்கொண்டே பத்தூல் கத்தினாள். "கீரைக்கு நடுவுல மருந்தை ஒளிச்சு வைக்கிற வீட்டுக்கு எவன் வருவான்?"

"நீ வாயை மூடு! கல்யாணம் ஆகட்டும். ஒரு குழந்தை பொறக்கட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிறாங்க, ராசா. கல்யாணத்துக்கு முன்னாடி யாரு எல்லாத்தையும் சொன்னா? உங்கப்பா என்கிட்ட சொன்னாரா?"

"என்ன சொல்லல?"

"குறட்டை விடுவார்னு."

பத்தூல் சிரித்துவிட்டாள். இன்ஆம் சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சட்டைக் கழுத்தை மறுபடி தேய்த்தாள். அது ஏற்கெனவே தேய்த்து முடித்த கழுத்து.

*

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ராக்கான் மொட்டை மாடிக்குப் போனான். தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே நடந்தான். இந்தக் கோடி, அந்தக் கோடி. நான்கு முறை எண்ணை அழுத்தி நான்கு முறையும் மணி அடிப்பதற்குள் துண்டித்தான். ஐந்தாம் முறை அவளே கூப்பிட்டாள்.

"என்னப்பா, உன் கை நடுங்குதா இல்லே போன் நடுங்குதா? நாலு தரம் வெளிச்சம் வந்து வந்து போகுது."

லுஜைன் அழகு நிலையத்தில் இருந்தாள். பின்னால் முடி உலர்த்தும் இயந்திரம் இரைந்தது. ஒரு பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"முடி எப்படிப் பண்றே?" என்று கேட்டான்.

"இதைக் கேக்கவா கூப்பிட்டே?"

"இல்லை."

"அப்போ சொல்லு."

அவன் தொட்டியின் குழாயைத் திறந்தான், மூடினான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டிலைக் கீழே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"ராக்கான், ஒண்ணு சொல்லட்டுமா? நீ ரொம்ப நாளா என்கிட்ட ஏதோ சொல்ல வர்றே. வந்து, பாதியில திரும்பிப் போயிடறே. மணியை அடிச்சிட்டு ஓடற பசங்க மாதிரி. நான் கதவைத் திறந்து திறந்து பார்த்து அலுத்துட்டேன். வேற பொண்ணு யாராவதா?"

"சே, சே."

"கடனா? ஜெயிலா?"

"இல்லை லுஜைன்."

"அப்போ வேற எதுவா இருந்தாலும் எனக்குப் பயமில்லை. எனக்கு என்ன பயம் தெரியுமா? எண்பது பேருக்கு நடுவுல எங்க சித்தப்பா மிஷ்ஆல் என்னைவிட உன்னைப் பத்தி அதிகமாத் தெரிஞ்சு வச்சிருந்தார்னா, அதுதான். அவர் தன் பையனுக்கு என்னைக் கேட்டு எங்கப்பா தரல. அந்த வயிற்றெரிச்சல்ல அவர் ஊர் ஊரா விசாரிச்சிட்டிருக்கார். உனக்குத் தெரியுமில்லே?"

"சாயங்காலம் சொல்றேன்."

"சாயங்காலம் நீ ஆம்பளைங்க மண்டபத்துல இருப்பே, நான் மண்டபத்தை ஒட்டின எங்க வீட்டுல பொம்பளைங்களோட இருப்பேன். எப்படிச் சொல்லுவே, புறா விட்டா?"

"முடியைக் கட்டிட்டு இருக்கும்போது பேசக்கூடாதும்மா, அசையாதே," என்று அந்தப் பக்கம் யாரோ அதட்டினார்கள்.

"இன்னிக்காவது கதவைத் தட்டிட்டு நில்லு," என்றாள் லுஜைன். வைத்துவிட்டாள்.

எதிர் வீட்டு மாடியில் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து, "மப்ரூக்! மாப்பிள்ளை!" என்று வாழ்த்திக் கூவினாள். அவனும் கையை ஆட்டினான். வேறென்ன செய்வது.

*

காரில் ஏறும் முன்பு ஃபவாஸ் மகனைத் தனியே நிறுத்தினார். பழுப்பு அங்கியும் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியும் அணிந்திருந்தார். அணிவகுப்பைப் பார்வையிடுவது போல அவனை மேலும் கீழும் பார்த்து, காலர் பட்டனைப் போட்டுவிட்டார்.

"கேட்டுக்கோ. பாஷாவுக்கு வலது பக்கம் நான், இடது பக்கம் நீ. காப்பி வந்ததும் பாஷா முன்னால வைப்பாங்க. அவர் தொடமாட்டார். பேசுவார், கேட்பார். அவங்க 'தந்தோம்'னு சொன்னப்புறம்தான் கோப்பையை எடுப்பார். அப்புறம் ஃபாத்திஹா ஓதுவோம், அப்புறம் குனாஃபா இனிப்பு. நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ணும் செய்யாதே."

"யப்பா, பாஷாவுக்கு நீங்க என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"எதைப் பத்தி?"

"என்னைப் பத்தி."

ஃபவாஸ் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "எல்லாருக்கும் சொன்னதைத்தான்." பிறகு, "அந்தக் காலை ஆட்டாதே" என்றார்.

வண்டிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு மலையிறங்கின. ராக்கான் பாட்டிலில் பாதியை வழியிலேயே குடித்து முடித்தான். மீதியைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். லுஜைன் குடும்பத்து மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்து முடித்ததும் வீடியோ எடுக்கும் ஆள் வந்தான். கேமராவுக்குள் குனிந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

"இந்த பாட்டில் நல்லாவே இல்லை, மாப்பிள்ளை." எடுத்துக்கொண்டு போய் எங்கோ வைத்துவிட்டான்.

லுஜைனின் பெரியப்பா மகன் பித்தளைக் கெண்டியோடு வந்தான். இடது கையில் கெண்டி, வலது கையில் கோப்பை. ஏலக்காய் வாசம். ஒரு வாய் அளவுக்கு ஊற்றி, பாஷாவின் முன்னாலிருந்த சின்ன மேசையில் வைத்தான். பாஷா அதைப் பார்க்கவே இல்லை. ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். எதிர்வரிசை நடுவில் லுஜைனின் அப்பா அபூ அவ்ன் உட்கார்ந்திருந்தார். கார் உதிரிபாகக் கடைக்காரர், அதிகம் பேசாதவர். அவருக்குப் பக்கத்தில் தம்பி மிஷ்ஆல். தஸ்பீஹ் மாலையை உருட்டியபடி ராக்கானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஷா பேசத் தொடங்கினார். அவருக்குப் பேச்சு என்றால் பேச்சுதான். இறைவனைப் புகழ்ந்தார். இரு குலத்தின் முன்னோர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எந்தப் போரில் எந்தத் தாத்தா எந்தத் தாத்தாவுக்கு நிழல் கொடுத்தார் என்பது வரைக்கும் வந்தது. ராக்கானின் வாய் மெல்லக் காய ஆரம்பித்தது. எச்சில் கூட்டி விழுங்கப் பார்த்தான். விழுங்க ஒன்றுமில்லை. நாக்கு யாருடையதோ போலக் கிடந்தது. காலை ஆட்டாமல் இருக்க இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"இனி எங்கள் பிள்ளையைப் பற்றி," என்றார் பாஷா. "ஃபவாஸின் மகன் ராக்கான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்பன் பையில் கை விட்டு வாழ்கிறார்கள். இவன் அப்படி இல்லை. படிப்பைக்கூட நிறுத்தி வைத்துவிட்டு, குடும்பத்துக்காகக் கடல் கடந்து துபாய் போனான்."

நடுவில் இருப்பது பாலைவனம்; எந்தக் கடல் என்று யாரும் கேட்கவில்லை.

"அந்த வெயிலில் உழைத்தான். பெற்றவளுக்குப் பேரீச்சம்பழம் அனுப்பினான். இதற்கு நான் சாட்சி. என் தாடி சாட்சி!"

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ராக்கான் மட்டும் அந்தத் தாடியைப் பார்த்தான். வெள்ளைத் தாடி. அந்த மனிதர் தன் ஆயுளில் பொய்யே சொன்னதில்லை என்று ஊரே பேசும். இப்போது அவனுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், தான் சொல்வது பொய்யென்று தெரியாமல். இன்னும் இரண்டு வாக்கியம். அபூ அவ்ன் 'தந்தோம்' என்பார். கோப்பை பாஷாவின் வாய்க்குப் போகும். அத்தோடு அந்தப் பொய்க்குக் கல்யாணமாகிவிடும். லுஜைனுக்கு அதோடுதான் குடித்தனம்.

தொண்டை ஒட்டிக்கொண்டது. ஒரு துளி ஈரம் வேண்டும், வேறொன்றும் இல்லை. கை தானாக நீண்டது.

பாஷாவின் கோப்பையை எடுத்து ராக்கான் குடித்துவிட்டான்.

கசப்பு. சூடு. இறங்கியது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பிறந்ததிலிருந்து வந்த பழக்கத்தில், காலிக் கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். 'போதும், இனி வேண்டாம்' என்று காப்பி ஊற்றுபவனுக்குச் சொல்லும் சைகை.

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். பாஷாவின் வாய் திறந்தபடி நின்றது.

மிஷ்ஆல் மாலையை உருட்டுவதை நிறுத்தினார். "அவ்வளவுதானே? காப்பியைக் குடிச்சாச்சு, கோப்பையையும் ஆட்டியாச்சு. கேட்க ஒண்ணுமில்லைனு அர்த்தம். எங்ககிட்டயும் தர ஒண்ணுமில்லை. வந்ததுக்கு சந்தோஷம், எந்திரிக்கலாம்."

ஃபவாஸ் எழுந்தேவிட்டார். "பையன் இன்னிக்கு நோன்பு, அபூ அவ்ன்! தொண்டை வறண்டு... தெரியாம..."

"நோன்பா?" மிஷ்ஆல் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெயில் சுவரில் மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது. "சூரியன் மறைஞ்சு மஃரிப் வர இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கே. ஓ, மாப்பிள்ளை துபாய் நேரத்துக்கு நோன்பு திறக்கிறாரோ?"

இந்த முறை யாரும் இருமவில்லை. நேராகவே சிரித்தார்கள். ஃபவாஸின் முகம் சாம்பலாகிப் போனது. ராக்கான் தன் அப்பாவை அப்படிப் பார்த்ததே இல்லை. கோபமாகப் பார்த்திருக்கிறான், களைத்துப் பார்த்திருக்கிறான். எண்பது பேர் முன்னால் சொல்லுக்குத் திணறி நிற்கும் ஆளாகப் பார்த்ததில்லை.

"நோன்பு இல்லை," என்றான் ராக்கான். "காலையில நாலு ஃபலாஃபில் சாப்பிட்டேன்."

"சும்மா இருடா," என்றார் ஃபவாஸ், உதடு அசையாமல்.

"துபாயும் இல்லை. நான் துபாய்க்குப் போனதே கிடையாது, மாமா." அவன் அபூ அவ்னைப் பார்த்துத்தான் பேசினான். மற்ற எழுபத்தொன்பது பேரைப் பார்த்தால் பேச முடியாது. "விமானத்துல ஏறினதே இல்லை. அத்தனை நாளும் எங்க வீட்டு மாடி அறையில படுத்திருந்தேன். உடம்புக்கு இல்லை, மனசுக்கு. எழுந்திருக்க முடியல. குளிக்க முடியல. இப்ப டாக்டர்கிட்ட போறேன், மாத்திரை சாப்பிடறேன். அதுல வாய் வறளும். தண்ணி பாட்டிலை அந்த வீடியோக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார். அதான் குடிச்சேன்."

வீடியோக்காரன் எல்லோரும் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து கேமராவுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"லுஜைனுக்கும் இது தெரியாது. சொல்லியிருக்கணும். பல தடவை சொல்லப் போனேன். பாஷா, உங்க தாடியை நடுவுல கொண்டு வந்ததுக்கு மன்னிச்சிடுங்க."

பாரம் இறங்கியது என்றெல்லாம் ஒன்றும் இல்லை. முழங்கால் ஆட ஆரம்பித்தது. இப்போது அதைப் பிடித்து நிறுத்த அவன் முயலவில்லை.

"பாத்தீங்களா?" மிஷ்ஆல் அண்ணன் பக்கம் திரும்பினார். "நான் அன்னிக்கே சொன்னேன். துபாயில எனக்குத் தெரிஞ்ச யாருக்கும் இவனைத் தெரியலைன்னு. பைத்தியக்கார மாத்திரை திங்கிறவனுக்கா..."

"மிஷ்ஆல்," என்றார் அபூ அவ்ன். அவ்வளவுதான் சொன்னார்.

பாஷா ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஃபவாஸ். என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்க. இந்த வயசுல." குரலில் கோபமில்லை. அதனால்தான் ஃபவாஸுக்குத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

பாஷா எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். நாற்காலிகள் நகர்ந்தன. முடிந்தது என்று ராக்கான் நினைத்தான். ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அந்த நிம்மதிதான் அவனைப் பயமுறுத்தியது. அந்தக் கட்டிலை அவனுக்குத் தெரியும். அது எவ்வளவு பிரியமாகக் கூப்பிடும் என்றும் தெரியும்.

"உட்காருங்க பாஷா," என்றார் அபூ அவ்ன்.

"இன்னும் என்ன இருக்கு?"

"என் வாசலுக்கு வந்தவர் காப்பி குடிக்காம போனா எனக்கு அசிங்கம். இன்னொரு கோப்பை கொண்டா." பெரியப்பா மகன் கெண்டியோடு ஓடி வந்தான். புதுக் கோப்பை. ஒரு வாய் காப்பி. அதே மேசை. அபூ அவ்ன் எழுந்தார். "இதை யாரும் தொடாதீங்க. ராக்கான், முக்கியமா நீ. நான் உள்ளே போய்ட்டு வரேன்."

"எங்கே போறீங்க?" மிஷ்ஆல் அண்ணனின் கையைப் பிடித்தார். "பொண்ணைக் கேக்கவா? எண்பது பேரை உட்கார வச்சிட்டு? இது கேக்கற நேரமா?"

அபூ அவ்ன் ஒரு கணம் யோசித்தார். "இத்தனை பேர் அங்கியும் தலைத்துணியும் போட்டுட்டு கேக்கத்தானேடா வந்திருக்காங்க? வேற எப்போ கேக்கறது?"

அந்த மண்டபத்தில் நூறு ஜாஹாவாவது நடந்திருக்கும். எல்லாவற்றிலும் பதில் ஒரு வாரத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது. கோப்பை காத்திருப்பதெல்லாம் கேமராவுக்காக. இன்று அது நிஜமாகவே காத்திருந்தது. அதை எப்படிப் பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

ராக்கானின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பத்தூல். பெண்கள் பக்கத்திலிருந்து.

*மைக் ஒயர் இங்கே ஸ்பீக்கர்ல மாட்டியிருக்கு. பாஷா பேச்சைக் கேக்கறதுக்காக. எல்லாம் கேட்டுச்சு.*

உடனே இன்னொன்று.

*யம்மா அழறாங்க. லுஜைன் அழல. சாக்லேட் தட்டைக் கீழே வச்சிட்டா.*

அவன் போனைப் பைக்குள் போட்டான். கோப்பையிலிருந்து ஆவி மெல்லியதாக ஏறிக்கொண்டிருந்தது. பாஷா அதைப் பார்க்காமலிருக்கப் படாத பாடுபட்டார்.

பக்கத்துக் கதவு திறந்தது. அபூ அவ்ன் வாசற்படியிலேயே நின்றார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பாஷாவைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை.

"ராக்கான். இங்கே வா. லுஜைன் பின்கட்டு நடையில நிக்கிறா. உன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணுமாம்."

"என்ன கேள்வி, மாமா?"

"என்கிட்ட சொல்லல. உன்கிட்டதான் கேப்பாளாம். பதில் சொல்லிட்டு, அங்கேயே நிக்கணுமாம். ஓடக்கூடாதாம்."

ராக்கான் எழுந்தான். தலைக்குள் ஒருமுறை மின்சாரம் அடித்து அடங்கியது. எண்பது பேரின் முழங்கால்களையும் தாண்டித்தான் அந்தக் கதவுக்குப் போக வேண்டும். யாரும் கால்களை ஒதுக்கவில்லை.

இரண்டடி வைப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஃபவாஸ். குனிந்து, வீடியோக்காரனின் முக்காலிக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, பாதி தண்ணீர் இருந்த பாட்டிலை எடுத்தார். மகன் முகத்தைப் பார்க்காமல் அவன் கையில் திணித்தார்.

"குடிச்சிட்டுப் போ. நாக்கு ஒட்டிக்கிட்டா எப்படிப் பேசுவே?"

அத்தனை பேர் பார்க்க, மண்டபத்தின் நடுவில் நின்று, ராக்கான் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தான். பிறகு கதவைப் பார்த்து நடந்தான்.